கருத்துப் பெட்டி மேனேஜர்

ஆட்களைத் திட்டி வேலை வாங்குகிறவர்கள் உண்டு, கெஞ்சி வாங்குகிறவர்கள் உண்டு. கைதட்டி வேலை வாங்குகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த இனத்துக்கு ஊக்கமூட்டி என்று பெயர். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, எதைச் சொன்னாலும் 'சூப்பர்' என்கிற வாய், மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அவரேதான்.

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற வழியில் உள்ள ஒரு டைல்ஸ் கம்பெனியில் ஹெச்.ஆர். மேனேஜர் தெட்சிணாமூர்த்தி. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்குகிறவர்களைக் காலையில் வட்டமாக நிறுத்தி, "நாம யாரு?" என்பார். "ஒரே குடும்பம்" என்று அவர்கள் முனக வேண்டும். பிறகு மூன்று கைதட்டல், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஒரு புன்னகை, பிறந்தநாள்காரருக்குக் கேக், கேக்கோடு போட்டோ, போட்டோவை மாட்ட ஒரு பலகை, பலகையைத் திறந்து வைக்க ஒரு விழா. நல்ல மனிதர். அதுதான் சங்கடம்.

சித்திரை வெயிலில் ஆட்கள் வாடுகிறார்களே என்று மனசு கேட்காமல், சூளை வாயில் ஆளுயர ஃபேன் ஒன்றை வைத்து ரிப்பன் வெட்டியவரும் அவரே. அந்த மாதத்திலிருந்துதான் நூற்றுக்கு நாலு டைல்ஸ் உடைந்த இடத்தில் பதினொன்று உடைந்தது. முதலாளி ஜவஹர் அலி கூப்பிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள உடைசல் கொறையலன்னா ரெண்டாவது ஷிப்ட நிறுத்திடுவேன். அறுபது பேரு. ஒரு ஷிப்டுக்கு ஹெச்.ஆர். மேனேஜர் எதுக்கு, நீங்களே சொல்லுங்க."

தெட்சிணாமூர்த்தி என்ன செய்தார்? பயிற்சி வகுப்பு வைத்தார். 'உடையாத மனம், உடையாத டைல்ஸ்' என்று பேனர் கட்டினார். டைல்ஸைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தப் பழக்கினார். மூச்சுப்பயிற்சியும் கொடுத்தார். உடைசல் பதிமூன்று ஆனது.

கடைசி ஆயுதமாக ஒரு கருத்துப் பெட்டி வந்தது. பிரிவுக்கு ஒரு நிறத்தில் சீட்டு. அதிகச் சீட்டு போடும் பிரிவுக்குக் கோப்பை. டைல்ஸைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிற பெண்கள் ஜெயித்தார்கள். அவர்கள் சார்பில் கோப்பை வாங்க வந்தவள் திரிபுரசுந்தரி.

"சீட்டையெல்லாம் படிச்சீங்களா சார்?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேம்மா. நூத்தி நாப்பத்திரெண்டு பச்சை. சூப்பர்."

"எண்ணுனது சரிங்க சார், அதுல..."

"பங்கேற்பு. அதாம்மா முக்கியம். இப்படி கேமராவப் பாருங்க."

அவள் தங்கை இரண்டாவது ஷிப்டில் இருந்தாள். கோப்பையை அவர் தலையிலேயே போடலாமா என்று ஆத்திரம் வந்தது, போட்டோவுக்கு நின்றாள்.

மாதக் கடைசியில் முதலாளி வந்து உட்கார்ந்தார். தெட்சிணாமூர்த்தி திரையில் படம் படமாகக் காட்டினார்: பங்கேற்பு இருமடங்கு, புன்னகை மும்மடங்கு. ஜவஹர் அலி பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து வாசித்தார்.

"ஃபேன் காத்து, சூளையிலேருந்து சூடா வர்ற டைல்ஸ் மேல அடிக்குது. அதான் விரிசல் விடுது. திருப்பி வைங்க சார்."

இன்னொன்றிலும் அதேதான். ரோஸ் சீட்டிலும் அதேதான். ஒரு புண்ணியவான் எழுத்தை நம்பாமல் ஃபேனின் படத்தையே வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார்.

முதலாளி எழுந்து போய் ஃபேனைத் திருப்பினார். அரை நிமிஷ வேலை. "ஒரு வாரம் பாப்போம், இன்ஷா அல்லாஹ்" என்றார். வாரம் முடிவதற்குள் உடைசல் மூன்றுக்கு இறங்கியது. அறுபது பேர் பிழைப்பும் தப்பியது, மேனேஜர் வேலையும் தப்பியது.

தெட்சிணாமூர்த்தி உண்மையாகவே வெட்கப்பட்டார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எல்லாச் சீட்டையும் படித்தார், கண்கூடக் கலங்கியது. திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுவாரமே 'காதுகொடுத்துக் கேட்பது எப்படி' என்று எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினார். நடுவில் திரிபுரசுந்தரி கையைத் தூக்கினாள்.

"கேள்வியெல்லாம் கடைசியிலம்மா" என்றார்.

சரக்கு ஏற்ற வந்த லாரி, ஆளில்லாமல் திரும்பிப் போகிறது என்று சொல்லத்தான் அவள் கையைத் தூக்கியிருந்தாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்களே, நீங்களும் தலையைத் தூக்காமல் "ம்... சரி சரி" என்றீர்களே. என்ன சொன்னார்கள்?