சொட்டு மிசியேவும் கடைசி இருபது கூடுகளும்

சித்திரை மாத வெயிலில், கரன்ட் இருக்கும்போதே ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்காருகிற மனிதர் புதுச்சேரியில் ஒரே ஒருவர்தான். ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் துப்பாக்கிப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகை ஒப்பந்தத்தில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. தெருவுக்கு அவர் சொட்டு மிசியே; மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

ஃபேனை நிறுத்துவது தராசுக்காக. காற்றுப் பட்டால் முள்ளில்லாத அந்த நகைக்கடைத் தராசு கண்டபடி எண் காட்டும். அவருடைய ராணுவ சிநேகிதர் ரெமி, பிரான்சில் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருக்கிறார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் தானே மறுபடி வெடிமருந்து போட்டுத் தோட்டா செய்துகொள்கிறவர். கூடுகள் எல்லாம் வெளியே ஒரே அளவு. உள்ளே பார்த்தால் ஒரு கம்பெனியுடையது தடிப்பு, இன்னொன்று மெலிசு. தடித்த கூட்டில் இடம் குறைவு. இதை அளந்து இனம் பிரிக்க ரெமிக்குக் கை நடுக்கம். எனவே வெறும் கூடுகள் உரிய காகிதங்களோடு பார்சலில் ரெட்டியார்பாளையம் வந்துவிடும்.

மிசியே காலிக் கூட்டை எடை போடுவார். சிரிஞ்சால் வாய் வரைக்கும் தண்ணீர் விடுவார். மறுபடி எடை போட்டு வித்தியாசத்தை எழுதுவார். தண்ணீர் கூட்டின் வாயில் லேசாக மேடு கட்டி நின்றாலும் போச்சு. ஒரு சொட்டு அதிகம் என்று கொட்டி, துடைத்து, காயவைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்த வியாதி அந்த மேஜையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் இரண்டு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இடது கையில் இருப்பது எட்டு சொட்டு குறைச்சல் என்பார். மாஸ்டர் அவருக்கென்று ஒரு கிளாஸைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கல்யாணப் பந்தியில் பாயசக் கிண்ணங்களை ஒப்பிட்டுப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு வரிசைக்குப் பெரிய கிண்ணம் போயிருக்கிறது என்று அவர் சொன்னதில் ஒரு சம்பந்தமே ஆட்டம் கண்டது.

யாரோ தோட்டா என்று போட்டுக் கொடுத்து, ஒரு நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மிசியே காகிதங்களைக் காட்டினார். வீட்டில் துப்பாக்கியோ மருந்தோ இல்லை என்று தேடிப் பார்க்கவும் சொன்னார். பிறகு, தராசு நிற்கும்வரை மூச்சு விடக்கூடாது என்று அவர்களிடமே உத்தரவு போட்டார். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து வழிய வெளியே வந்த போலீஸ்காரர்களில் மூத்தவர், படியிறங்கும்போது திரும்பி, பன்னிரண்டாம் நம்பர் கூடு சரியாக வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மிசியேவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து நூறு கூடுகள் வந்து இறங்கின. அவர் என்னைத்தான் கேட்டார். தினம் இருபது வீதம் நான்கு நாள் ஒழுங்காக அளந்தேன். பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "தூஸ்மான், தூஸ்மான், மெதுவா விடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஐந்தாம் நாள் எனக்குச் சினிமாவுக்கு டிக்கெட் இருந்தது. அவர் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் முந்தின நாள் எண்களைப் பார்த்து, அங்கே இங்கே ஒன்று கூட்டிக் குறைத்து, இருபது வரியையும் ஐந்து நிமிஷத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்பினேன். படமும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது இன்னும் கேவலமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து வாடகை கொடுக்கப் போனபோது ரெமியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். நரைத்த மீசைக்காரர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். மெர்சி என்று நன்றி சொன்னார். இந்த அளவுகள் எதற்கு என்று மிசியேவிடம் அன்றுதான் கேட்டேன்.

"இடம் கம்மியா இருக்கற கூட்டுல அதே மருந்த போட்டா அழுத்தம் ஏறிடும். கன்னத்த ஒட்டி வெடிக்கற சாமான்மா. மூஞ்சியோட போச்சு."

 திரையில் அந்தக் கிழவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கன்னத்தைப் பார்க்க முடியவில்லை. பேச்சு முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"மிசியே, அந்தக் கடைசி இருபது நான் அளக்கல. சும்மா எழுதிட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அளந்தா ஒண்ணு ரெண்டாச்சும் கோணலா வரும். உன் இருபதும் பள்ளிக்கூடப் புள்ளைங்க மாதிரி வரிசையா நின்னுச்சு. நானே மூணு நாள் ஒக்காந்து திரும்ப அளந்துதான் அனுப்பனேன்."

குனியக்கூடாத மனிதர், கட்டுப் போட்ட கண்ணோடு, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மூன்று நாள் குனிந்திருக்கிறார். நான் மாடியில் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்திருக்கிறேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் இருபது எண்களையும் ஸ்கேல் வைத்து அடித்திருந்தார். பக்கத்தின் கீழே, அளந்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் அப்படியே இருந்தது. அதை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"மீதி எம்பது நீதான அளந்த?" என்றார்.

பிறகு நான் ஊரின் இன்னொரு பகுதியான சாரத்துக்கு வீடு மாறிவிட்டேன். அந்தப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது. போன மாதம் அவரே போன் செய்தார். அடுத்த கண்ணுக்கும் ஆபரேஷன், அறுபது கூடு வந்திருக்கிறது, நேரம் இருக்குமா என்று கேட்டார். வேறு ஆளா கிடைக்கவில்லை அவருக்கு.

அன்று மத்தியானமே போனேன். அவர் எழுந்திருக்கும் முன் நானே ஃபேனை நிறுத்தினேன்.