வக்கீல் வைத்த பரீட்சை

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்" என்றார் பெரியவர்.

"புதன்!" வக்கீல் மேசையைத் தட்டினார். "முதல் கேள்வியிலேயே கோட்டை விட்டாச்சு!"

உயில் எழுத வரும் வயசானவர்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று வக்கீல் பார்த்தாக வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் சட்டம் கேட்காத நக்கலையும் இவர் சேர்த்தே வைப்பார். எழுபது தாண்டியவர்களுக்கு மண்டையில் ஒன்றும் மிச்சமில்லை என்பது இவர் கட்சி. இவருக்கு எழுபத்தாறு. அந்தக் கணக்கில் தன்னைச் சேர்க்கமாட்டார்.

"அப்பா, வியாழன்தான்" என்று இழுத்தான் ஜூனியராக இருக்கும் மகன். "காலண்டர்ல தாள் கிழிக்கல."

வக்கீல் எழுந்து போய்க் கிழித்தார். இரண்டு மூன்று சேர்ந்து வந்துவிட்டன.

"சரி, சனின்னே வெச்சுக்க. அப்பவும் இவர் சொன்னது தப்புதானே?"

போன வாரம் ஒருவர் வீட்டை இன்னொருவர் உயிலில் எழுதிவிட்டார் அப்பா. இரண்டு குடும்பத்திடமும் திட்டு வாங்கியது மகன். ஓய்வெடுங்கள் என்றால், "எனக்குப் புத்தி தடுமாறுதுன்னு ஒரு டாக்டர் சொல்லட்டும், அந்த நிமிஷமே ஆபீஸ் சாவியக் குடுத்துடறேன்!" என்று எகிறுவார். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு."

"அதுல ஏழு போனா?"

"எண்பத்தாறு."

"எண்பத்தஞ்சு! ஐயோ பாவம்."

பெரியவரின் மருமகள் கைப்பையை மடியில் வைத்தபடி மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் மகன் காதில் கிசுகிசுத்தார். அது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"மருமக முழிக்கிற முழியப் பாத்தியா? கிழவர் வீட்ட சுருட்ட வந்திருக்கா."

பிறகு, போனால் போகிறது என்று வக்கீல் உயிலைச் சொல்லச் சொல்ல, மகன் டைப் அடித்தான். "எனக்குச் சொந்தமான ஓட்டு வீட்டை..."

"என்னோடது மாடி வீடு சார்" என்றார் பெரியவர்.

"உங்களுக்கு ஞாபகமில்ல. ஓட்டு வீடுதான்."

"அப்பா, ஓட்டு வீடு நம்மது!"

"குறுக்க பேசாதடா!"

அச்சடித்து வந்ததும், கையெழுத்து எங்கே, எப்படிப் போட வேண்டும் என்று பெரியவருக்குக் காட்டித்தர ஆரம்பித்தார். காட்டுகிற வேகத்தில் தன் கையெழுத்தையே அழகாகப் போட்டுவிட்டார். சொந்த வீட்டை யாரோ ஒரு மருமகளுக்கு எழுதிவைத்தாயிற்று! மகன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பதறாதே, சரி பண்ணிடலாம்" என்று தாளைத் திருப்பிப் பெரியவரிடம் நீட்டினார். "நீங்க சாட்சியாப் போட்டுடுங்க."

பெரியவர் பேனாவை மூடி வைத்தார். வக்கீல் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, எதிரில் இருந்தவரைப் பார்த்து மலர்ந்து சிரித்தார்.

"வாங்க, வாங்க! என்ன விஷயமா வந்தீங்க?"

மருமகள் எழுந்து வந்து மகனிடம் சொன்னாள்: "நீங்க போன்ல சொன்னப்ப நான் நம்பல சார். எங்க மாமனார் உயில எப்பவோ வேற வக்கீல்கிட்ட எழுதிட்டார். இப்ப டாக்டரா நான் சொல்றேன், உங்க அப்பாகிட்ட சாவிய வாங்கிக்குங்க."