வாயைத் திறங்க, பேசாதீங்க

“டாக்டர், முதல் பேஷண்ட் கமாண்டர் படம் போட்ட பனியனோட வந்திருக்கார்” என்று நர்ஸ் வந்து சொன்னதும், பல் டாக்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடியை அப்படியே கீழே வைத்தாள்.

“படத்தைப் பார்த்துட்டு வந்திருக்காரா, இனிமேதான் பார்க்கப் போறாரா?”

“கண்ணு சிவந்திருக்கு டாக்டர். பார்த்துட்டுத்தான் வந்திருக்கணும்.”

மணி பத்து. விண்வெளிக் கமாண்டர் என்ற வெளிநாட்டுப் படத்தின் ஏழாம் பாகம் அன்று காலை ஆறு மணிக்குத் தமிழில் வெளியாகியிருந்தது. டாக்டருக்குக் கிடைத்த டிக்கெட்டோ மாலை ஏழு மணிக் காட்சிக்கு. நடுவில் ஒன்பது மணி நேரம் இருந்தது. அதுவரை முடிவு காதில் விழக் கூடாது.

கமாண்டரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். விண்கலத்தைக் கிளப்பும்போதெல்லாம் அவர் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுவார். இரண்டோடு நிறுத்திவிட்டு நெம்புகோலை இழுப்பார். ‘ஒன்று’ என்பதை அவர் சொன்னதே இல்லை. அதைத் தியேட்டரில் இருக்கிற எல்லோருமாகச் சேர்ந்து கத்துவார்கள். ஆறாம் பாகத்தின் கடைசியில், தீப்பிடித்த கலத்தில் தனியாக உட்கார்ந்து எண்ணினார். “மூன்று… இரண்டு…” திரை இருண்டது. அன்றைக்கு ‘ஒன்று’ என்று கத்த யாருக்கும் மனசு வரவில்லை.

ஆளே போய்விட்டாரா, தப்பித்தாரா? நான்கு வருடமாக டாக்டர் இந்தக் கேள்வியோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பழைய காயமும் உண்டு. சின்ன வயதில் அவள் எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும், தம்பி கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு வந்து, “அக்கா, அந்த ராஜா செத்துடுவான்” என்பான். ஒரு கதையின் முடிவையாவது தானே போய்ச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு முப்பது வருட ஆசை.

அதனால் காலையிலேயே செல்போனை அணைத்து நர்ஸிடம் கொடுத்து அலமாரியில் பூட்டச் சொல்லியிருந்தாள். வெளியறை டிவியையும் அணைத்தாயிற்று. அங்கேதான் தப்பு நடந்தது. டிவி ஓடினால் ஜனங்கள் டிவியைப் பார்ப்பார்கள். அணைத்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள், பேச ஆரம்பிப்பார்கள்.

“அந்தக் கடைசி சீன் இருக்கே…” என்று கதவைத் தாண்டி ஒரு குரல் வந்தது. டாக்டர் பாய்ந்து, அந்தக் குரல் ஓயும்வரை பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டாள்.

பனியன்காரர் ஒரு டாக்ஸி டிரைவர். கடைவாய்ப் பல்லுக்கு உறை போட அளவு எடுக்க வந்தவர். நாற்காலியில் சாய்ந்ததுமே, “டாக்டர், படம் பார்த்தாச்சா? நம்ம கமாண்டர் இருக்காரே…” என்று தொடங்கினார்.

“வாயைத் திறங்க! பேசாதீங்க!”

அளவு எடுப்பது சுவாரசியமான வேலை. கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஒரு மாவைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் நிரப்பி, பற்களின் மேல் அழுத்துவார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அது ரப்பர் போல இறுகிவிடும். பிரித்தெடுத்தால் ஒவ்வொரு பல்லின் பள்ளமும் அதில் பதிந்திருக்கும். வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் இறுகும். குளிர்ந்த தண்ணீர் என்றால் மெதுவாக.

டாக்டர் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் குழைத்தாள். மேலுக்கு ஒரு தட்டு, கீழுக்கு ஒரு தட்டு.

டிரைவரின் பேச்சு நின்றது. ஆனால் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்ட ஆரம்பித்தது.

“ஐயோ! அழறாரே! அப்போ கமாண்டர் போயிட்டாரா?” டாக்டர் அவசரமாக ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டினாள். இப்போது அவருடைய வலது கை மெல்ல மேலே எழுந்து, ராக்கெட் மாதிரி போய், தொப்பென்று விழுந்தது.

“சிஸ்டர்! கையைப் பிடிங்க, கையைப் பிடிங்க! கதை சொல்றார்!”

தட்டை எடுத்ததும் டிரைவர் சொன்ன முதல் வார்த்தை: “தட்டு ஈறுல குத்திச்சு டாக்டர். அதைத்தான் கையைக் காட்டிச் சொன்னேன்.”

விஷயத்தைக் கேட்டதும் அவர் உருகிப்போனார். “அட, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நானும் ஒரு ரசிகன்தானே! இனிமே என் வாயிலேர்ந்து காத்துதான் வரும்.”

அதோடு நிற்கவில்லை. தானே ஓர் அட்டை வாங்கி, ‘இங்கே ஏழாம் பாகம் பற்றி மூச்சு விடக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டினார்.

தெருவில் போன யாரோ அதைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் ஊரில் படம் பார்க்காதவர்கள் எல்லாரும் அடைக்கலம் தேடி வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் சுவரோரமாகக்கூட நின்றார்கள். வாட்டசாட்டமான இரண்டு பேர் கதவில் காவலுக்கு நின்றுகொண்டார்கள். எண்ணினால் நாற்பது பேர். எல்லாரிடமும் ஏழு மணி டிக்கெட்.

“உங்களுக்கு எந்தப் பல்லு வலிக்குது?” என்று நர்ஸ் ஒருவரைக் கேட்டாள்.

“எல்லாமே சிஸ்டர். ஏழு மணி வரைக்கும் வலிக்கும்.”

நான்கு மணிக்குத் தெருவில் சலசலப்பு. டாக்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது யார்? தம்பி!

“அக்கா! காலையிலேர்ந்து போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கற! கதவுல நிக்கிற தடியனுங்க உள்ள விட மாட்டேங்கறானுங்க!”

“போடா! ஒரு வார்த்தை பேசினே, இந்த ஜென்மத்துக்கு உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!”

“ஒரே ஒரு விஷயம்க்கா! சின்னதுதான்!”

பல் மருத்துவமனையில் சத்தத்துக்குப் பஞ்சம் கிடையாது. காற்றழுத்த இயந்திரம் தடதடக்கும், எச்சில் உறிஞ்சும் குழாய் கரகரக்கும். பல் குடையும் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம் தடவை சுற்றுவதால் அது கொசுவைப் போலப் பாடும். டாக்டர் மூன்றையும் ஒரே சமயத்தில் முடுக்கிவிட்டாள். தம்பியின் வாய் மட்டும் அசைந்தது, குரல் கேட்கவில்லை. வெற்றிதான் என்று அவள் நினைத்த நொடியில் பட்டென்று ஃபியூஸ் போயிற்று.

கட்டடம் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி.

“அக்கா! கமாண்டர்…”

நாற்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் யோசிக்கவில்லை. அடுத்த ஆளுக்காக ஐஸ் தண்ணீரில் குழைத்து வைத்திருந்த தட்டை எடுத்து, ஜன்னல் வழியாகக் கை நீட்டி, திறந்திருந்த அந்த வாயில் வைத்து ஒரே அழுத்து.

“அசையாதே! அசைஞ்சா பல்லும் சேர்ந்து வந்துடும்!”

பச்சைப் பொய்தான். ஆனால் அதைத் தம்பி எதிர்த்துக் கேட்கும் நிலையில் இல்லை. வண்டியோடு தெருவிலேயே காவல் நின்றிருந்த டாக்ஸி டிரைவர் ஓடி வந்து அவன் தோளில் கை போட்டார். “வாங்க தம்பி, ஊருக்கு அந்தக் கோடி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

டாக்ஸி தெருமுனையில் திரும்பியதும் உள்ளே எழுந்த கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முப்பது வருடத்தில் தம்பியை முதல் தடவையாக ஜெயித்துவிட்டாள்! டாக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உலகக் கோப்பையை வென்று வந்தவள் போல எல்லோருக்கும் கை அசைத்தாள். நர்ஸ் ஃபியூஸ் போடப் போனாள்.

ஐந்தரைக்குக் கடைசி ஆள். முழுப் பல்செட்டு வாங்கிக்கொள்ள வந்த பெரியவர். வேறெங்கோ எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு, பொக்கை வாயோடுதான் இங்கே முதலில் வந்தார். அவர் பேசினால் தலையணைக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி இருக்கும். அந்த வாரத்தில் மூன்று முறை போன் செய்து, வேலைக்குப் பல் அவசியம் என்று அவசரப்படுத்தியிருந்தார்.

“பல்லு இருந்தாத்தான் வேலைன்னா, கரும்பு கடிச்சுப் பார்க்கிற வேலையோ என்னமோ” என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

டாக்டர் எதற்கும் கேட்டுவைத்தாள். “ஐயா, கமாண்டர் படம் பார்த்தீங்களா?”

“ஒரு பாகம்கூட முழுசா பார்த்ததில்லம்மா. நமக்கு வேலையே சரியா இருக்கு.”

டாக்டருக்குப் பாலில் குளித்தது போலிருந்தது. அன்று முழுக்க அவள் சந்தித்த ஒரே ஆபத்தில்லாத மனிதர்!

பல்செட்டைப் பொருத்தியதும் பேசவைத்துப் பார்க்க வேண்டும். ‘த’ சொல்ல நாக்கு மேல்பல்லைத் தொட வேண்டும். ‘வ’ சொல்லக் கீழுதடு மேல்பல்லின் நுனியைத் தொட வேண்டும். பல் ஒரு மயிரிழை நீளமாக இருந்தால்கூடச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணச் சொல்வதுதான் சுலபமான சோதனை. ஒன்றிலிருந்து எண்ணினால் எல்லாரும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். தலைகீழாக எண்ணச் சொன்னால் யோசித்து, ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.

“ஐயா, பத்துலேர்ந்து கீழ எண்ணுங்க.”

“ப்ஃபத்து…” விசில் அடித்தது.

டாக்டர் கழற்றி, மேல்வரிசையில் ஓரிடத்தை லேசாகத் தேய்த்து, மறுபடி பொருத்தினாள். “இப்ப சொல்லுங்க.”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“பத்து.”

நர்ஸின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

“ஒன்பது. எட்டு. ஏழு.”

அடிவயிற்றிலிருந்து கிளம்பி அறையை நிறைத்தது அந்தக் குரல். ஆறு பாகங்களில் ஆறு விண்கலங்களைக் கிளப்பிய குரல். வெளியறையில் நாற்பது பேரும் எழுந்து கதவருகே குவிந்தார்கள்.

“மூன்று… இரண்டு…”

பெரியவர் நிறுத்தினார்.

“ஐயா… நீங்களா? கமாண்டருக்கு நம்ம மொழியில குரல் குடுக்கறது நீங்களா?” டாக்டரின் குரல் கீச்சிட்டது. “படம் பார்த்ததில்லன்னு சொன்னீங்களே!”

“இருட்டு ரூம்ல நான் பேசற துண்டு துண்டைத்தாம்மா காட்டுவாங்க. முழுப்படம் எங்க பார்க்கறது? பல்லு போனதும் தொழிலே போச்சுன்னு உடைஞ்சு போயிட்டேன். நீங்கதான் திருப்பிக் குடுத்தீங்க.”

டாக்டருக்குத் தலை கூரையில் இடித்தது. கமாண்டரின் வாயில் அவள் செய்த பல்! நாற்பது பேரும் விசிலடித்தார்கள். யாரோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். காலையிலிருந்து ஊரின் வாயை எல்லாம் அடைத்தவள், இப்போது கைகூப்பிக் கெஞ்சினாள்:

“ஐயா, எங்களுக்காக ஒரே ஒரு தடவை அந்த ‘ஒன்று’ சொல்லுங்க ஐயா!”

பெரியவர் புதுப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார்.

“அதை மட்டும் கேக்காதீங்கம்மா, கமாண்டர் ‘ஒன்று’ சொல்றது எட்டாம் பாகத்துலதான், அடுத்த வாரம் டப்பிங்.”