ஒற்றைக்கண் வீரன் முக்கூடலுக்குப் பெண் பார்க்கப் போனது

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. திரையில் எவன் வந்து நின்றாலும், 'அட, இது நானல்லவா' என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிற இனம். முன்பெல்லாம் இவர்கள் சினிமாக் கொட்டகையோடு அடங்கிக் கிடந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள்கார எலியேசர் திருநெல்வேலி டவுணில் வீட்டுக்கு வீடு கறுப்பு வயரை இழுத்துவிட்டதும், ஜப்பான்காரன் வரைந்த படத்துக்குள்ளும் குடியேறிவிட்டார்கள். அதற்கு அனிமே என்று பெயராம். அப்போது யார் கண்டது? கார்ட்டூன் என்பார்கள், சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

நம் கோமதிசங்கருக்கு வயது முப்பத்தொன்று. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். மாலை ஐந்தரைக்குப் படத்தில் ஒரு வாள்வீரன் வருவான். முடி ஒரு கண்ணை மறைத்திருக்கும், வாய் திறக்க மாட்டான், பிறர் முன்னால் ஒரு கவளம் சாப்பிட மாட்டான், யார் என்ன கேட்டாலும் தூரத்து மலையைப் பார்ப்பான். மற்றவர்கள் இந்தியில் பேசிக்கொள்வார்கள். கோமதிசங்கருக்கு இந்தி தெரியாது. அதனால் என்ன? ஊரால் புரிந்துகொள்ளப்படாத உத்தமனின் கதை, தன்னுடைய கதை, என்று அவர் கண்டுகொண்டார்.

அன்று முதல் அவர் முடி நெற்றியில் இறங்கியது. வீரனுக்குக் காற்றில் பறக்கும். இவருக்குத் தேங்காய் எண்ணெயில் ஊறி இமையோடு ஒட்டிக்கொண்டது. குடை தோளுக்கு ஏறியது. மேலதிகாரி கோப்பு கேட்டால் உடனே திரும்புவதில்லை; முதலில் தோள், அப்புறம் கழுத்து, கடைசியாக அந்த ஒற்றைக் கண். டவுண் பஸ்ஸில் படியில் நின்று மேற்கு மலையை வெறித்தவரிடம், "அங்கன என்ன தெரியுது? உள்ள ஏறும் வே" என்றார் கண்டக்டர். குறுக்குத்துறையில் ஆற்று நடுப்பாறை மேல் துண்டு பறக்க நின்றபோது, கீழே குளித்துக்கொண்டிருந்தவர், காலடியில் கிடக்கும் சோப்பை எடுத்துத் தரச் சொன்னார். மாவீரர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று எடுத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் அம்மா உலகம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பெண் பிருந்தா, பள்ளிக்கூட ஆசிரியை. தட்டோடு வந்து, நேராகப் பார்த்து, லேசாகச் சிரித்தாள். கோமதிசங்கருக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்குப் பிடித்துப்போயிற்று.

பிடித்தால் என்ன செய்ய வேண்டும்? எங்கள் பக்கத்தில் அது எளிது. தட்டில் இருக்கிற இனிப்பைத் தொட வேண்டும். மாப்பிள்ளை அதைத் தொடாமல் விட்டால், 'பெண் பிடிக்கவில்லை, எழுந்திருக்கிறோம்' என்று பொருள். வாய் திறந்து யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

ஆனால் வீரன் பிறர் முன்னால் சாப்பிட மாட்டானே. காலையில் பசியோடு பஸ் ஏறிய வயிறு கேசரியைப் பார்த்துக் கெஞ்சியது. கோமதிசங்கர் முகத்தைத் திருப்பி, ஜன்னல் வழியே மலையைத் தேடினார். எதிர்வீட்டு மாட்டுத் தொழுவம்தான் தெரிந்தது. அதையே வெறித்தார். பெண்ணைப் பெற்றவர் முகம் மெல்ல வாடியது. அவர் ஊர், மழை என்று ஏதேதோ பேசிப் பார்த்தார். உலகம்மாள் மகன் தொடையைக் கிள்ளினார்.

"எலே சங்கரு, ஒரு வாயாவது எடுத்துப் போடுலே."

வீரன் அசையவில்லை. பெற்றவர் எழுந்து தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். வழியனுப்புகிற எழுந்திருத்தல் அது. அதைப் பார்த்தபிறகுதான் கோமதிசங்கருக்கு உறைத்தது. இப்போது கை நீட்டினால் மானம் போகும், நீட்டாவிட்டால் பிருந்தா போய்விடுவாள்.

பிருந்தா அந்த முடியையும், மடியில் நட்டுவைத்த குடையையும் ஒருமுறை பார்த்தாள்.

"அஞ்சரைக்கு வருமே, அந்தப் படம் பாக்கிறீங்களா?"

ஒற்றைக் கண் மலர்ந்தது. கண்டுகொண்டாள்! அவர் மெதுவாகத் தலையசைத்தார்.

"நீங்க அந்த வாள்காரன் இல்ல," என்றாள். "அவனுக்குப் பின்னால ஒருத்தன் மூட்டையத் தூக்கிக்கிட்டு, கொழுக்கட்டையத் தின்னுக்கிட்டே வருவாம்லா, அவன்தான். எனக்கு அவனத்தான் பிடிக்கும். கேசரி ஆறுது, எடுத்துக்கோங்க."

கோமதிசங்கர் எடுத்துக்கொண்டார். மூன்று முறை எடுத்துக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. முடியும் நெற்றியை விட்டு மேலே ஏறியது.

சிரித்தீர்களா? நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது உங்களை யாராக நினைத்துக்கொண்டீர்கள்? பிருந்தாவாகத்தானே? எழுதிய நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். கோமதிசங்கர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர், இல்லையா? அந்த இனத்துக்கு முதல் அடையாளமே அதுதான். சந்தேகமிருந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதையில் நீங்கள் யார் என்று. பதில் வருமுன் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிடுங்கள்.