நாளைக்கு வரப்போகும் ஜுரத்துக்கு இன்றே விடுப்பு

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி கும்பிட்டு எழுதுவது. அங்கே நீயும், அத்தானும், என் மருமகளும், பிறந்து ஐந்து வாரமாகியும் தன் அம்மாவின் தாய்மாமன் முகத்தைப் பார்க்காத அந்தச் சின்னப் பெரிய மனிதரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதினால் பொய், எழுதாவிட்டால் மரியாதைக் குறைவு. ஆகவே, இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பதினாறு நாளாக நீ என் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. அத்தானை அழைத்தால் "பாத்ரூம்ல இருக்கா" என்கிறார். ஒரு மனுஷி பதினாறு நாள் குளியலறையில் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். தொலைபேசியை நடுவில் துண்டிக்கலாம், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழிக்கலாம், ஆனால் உன் சுபாவத்துக்கு ஒரு தடவை படிக்காமல் கிழிக்க மாட்டாய்.

உன் பேரனுக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் வரவில்லை என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள். எங்கள் அச்சகத்துக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து அவசர வேலை வந்தது. ஃப்ளூ ஜுரத்தைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம், ஏழாயிரம் பிரதி, ஒன்பதாம் தேதி தடுப்பூசி முகாம், எட்டாம் தேதி சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நாங்கள் புரூப் பார்க்கிற விதம் உனக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத ஒரு மூலை அறை, நடுவில் ஒரு மேஜை, அந்தப் பக்கம் ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாகப் படிப்பார், இந்தப் பக்கம் நான் அச்சான தாளைப் பார்த்துத் திருத்துவேன். படிப்பவருக்கு எங்கள் அச்சகத்தில் ஒலிபெருக்கி என்று பெயர். அவருக்கு வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே உடம்பு சரியில்லை. வீட்டுக்குப் போங்கள் என்றேன். "உடம்பு சரியில்லாதவங்க வீட்டுலயே இருக்கணும்னு போட்டிருக்கிற பக்கம் இன்னும் முடியலையே, அதை முடிச்சிட்டுப் போறேன்" என்றார். முடித்தார். இருமும்போது வாயை முழங்கையால் மூடிக்கொள்ளுங்கள் என்ற வரியை, கையில் தாளைப் பிடித்திருந்ததால் எதையும் மூடிக்கொள்ள வழியில்லாமல், என் முகத்துக்கு நேராக மூன்று தடவை இருமிக்கொண்டே படித்தார். மூன்று அடி தள்ளி இருங்கள் என்றும் அதில் போட்டிருந்தது. எங்கள் மேஜையின் அகலம் ஒன்றரை அடி.

அன்று மதியம் அவர் மேஜையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார், ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். சனிக்கிழமை எனக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், உன் பேரனுக்கு வாங்கிய துணியை என் மனைவி பையில் எடுத்து வைத்துவிட்டாள். அப்போதுதான் அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கம் மனசுக்குள் ஓட ஆரம்பித்தது. ஜுரம் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம் என்று அதில் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு இது வந்தால் ஆபத்து, ஆறு மாதம் ஆகாமல் அவர்களுக்கு ஊசி போட முடியாது, சுற்றி இருக்கிற பெரியவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரியை நான் நாலு தடவை திருத்தினேன் அக்கா. பத்தொன்பது நாள் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு முகத்தோடு முகம் வைக்காமல் என்னால் வர முடியுமா?

அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஜுரம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நீ "ஐயோ பாவம்" என்றிருப்பாய். நான் உண்மையைச் சொன்னேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா, ஆனா நாளைக்கு வரல" என்றேன். "ஒண்ணுமில்லன்னா ஏன் வரல?" என்றாய். "ஒருவேளை வரலாம்" என்றேன். "எது, நீயா?" என்றாய். "இல்லக்கா, ஜுரம்" என்றேன். "நாளைக்கு வரப்போற ஜுரத்துக்கு இன்னிக்கே லீவு போடறியா? உன் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். பாவம் அவள், பக்கத்தில் அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு ஜுரம் வந்தது. உலகத்தில் ஜுரம் வந்ததற்குச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நூற்று மூன்று டிகிரி. உடம்பை யாரோ அடித்துத் துவைத்த மாதிரி வலி. அந்த நிலையிலும் முதல் வேலையாக உனக்குத்தான் போன் அடித்தேன், நான் சொன்னது சரியாகிவிட்டது என்று சொல்ல. நீ எடுக்கவில்லை.

டாக்டரிடம் போனேன். பார்த்துவிட்டு, ஃப்ளூதான், படுத்து ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஜுரத்துக்குப் பாரசிட்டமால் போதும் என்றார். ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். ஆன்டிபயாடிக்காவது எழுதுங்கள் என்றேன். "அது பாக்டீரியாவுக்கு, இது வைரஸ். அந்த மாத்திரை இதுக்குக் கேக்காது" என்றார். அது ஐந்தாம் பக்கம், எனக்கு மனப்பாடம். ஆனால் நூற்று மூன்று டிகிரியில் மனப்பாடம் கைகொடுப்பதில்லை. "இந்த வருஷம் தடுப்பூசி போட்டீங்களா?" என்று கேட்டார். என்ன சொல்வேன்? எட்டாம் தேதி சாயங்காலம் ஏழாயிரம் பிரதியையும் கட்டி அனுப்பிவிட்டு, ஒன்பதாம் தேதி அச்சகம் முழுக்க அசதியில் தூங்கினோம். ஊருக்கே அழைப்பு அச்சடித்த பதினோரு பேரில் ஒருத்தர்கூட முகாமுக்குப் போகவில்லை. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புஸ்தகம் நல்லா வந்திருந்தது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் இருப்பது இரண்டு அறை, ஒரு குளியலறை. நான் உள்ளறையில், அவளும் பையனும் வெளியறையில் என்று ஏற்பாடு. எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துண்டு. மூன்றாம் நாளே பையன் என் துண்டில் முகம் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். கேட்டால், "காஞ்சிருந்ததுப்பா, அதான்" என்கிறான். ஆவி பிடிக்கிறேன் என்று போர்வைக்குள் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன், கண்ணாடி மங்கி ஒன்றும் தெரியாமல் கையை நீட்டினேன், வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து மெத்தை நனைந்தது. காலில் படாதது என் புண்ணியம். மெத்தை காய இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளும் நான் வெளியறைக்கு வந்துவிட்டேன், தனியாக இருப்பது என்பது அத்தோடு முடிந்தது. பையன் படுத்தான். அடுத்த நாள் அவளும் படுத்தாள். "அப்பா, இந்த வீட்டுல நீங்க தாராளமாக் குடுத்தது இது ஒண்ணுதான்" என்றான் பையன், இருமலுக்கு நடுவில்.

சிரிக்கச் சொல்லவில்லை அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவிக்கு வீசிங் உண்டு என்பது உனக்குத் தெரியும். போன புதன்கிழமை மதியம் அவளுக்கு மூச்சு இழுத்தது. பேச முடியவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்து கொடுத்தார்கள். இவளைப் போன்றவர்களுக்கு வைரஸுக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறதாம், அதை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், சரியான சமயத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார்கள். இப்போது எழுந்து நடக்கிறாள். ஆனால் அன்று நடையில் உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்தது இதுதான்: பெரிய மனுஷிக்கே இப்படி என்றால், பத்தொன்பது நாள் குழந்தைக்கு? நான் வராமல் இருந்தது சரி. உன்னிடம் அதைச் சொல்ல முடியாமல் இருப்பதுதான் சரியில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு என்று இருப்பது நீ ஒருத்திதான். நீ பேசாமல் இருப்பது ஜுரத்தைவிட அதிகமாகப் படுத்துகிறது.

இப்போது எங்கள் மூவருக்கும் ஜுரம் விட்டுவிட்டது, இருமல் மட்டும் பாக்கி. அதுவும் போய் ஒரு வாரம் கழிந்தபின் வருகிறேன். வந்தாலும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். அதுவரை நீங்கள் யாரும் இங்கே வர வேண்டாம், கோபத்தில் சண்டை போடக்கூட வர வேண்டாம். வீட்டுக்குள் ஈ எறும்பைக்கூட விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். என் மருமகள் கர்ப்பமாக இருந்தபோதே ஊசி போட்டுக்கொண்டாள் என்று அத்தான் சொன்னார், அது குழந்தைக்கும் கொஞ்ச நாள் காவலாக இருக்குமாம், மனசுக்கு நிம்மதி. நீயும் அத்தானும் போட்டுக்கொண்டீர்களா? ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பலன் வருமாம், அதனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன் அதைச் செய்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கு ஆசி. குழந்தைக்கு, தூரத்திலிருந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஒரு முத்தம். நீ தீர்க்காயுசாக இருந்து என்னை இன்னும் பல வருஷம் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் கோபத்துக்கு ஆளான தம்பி

பின்குறிப்பு: அத்தான் அவர்களுக்கு. கடிதத்தை நீங்களே பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள், மேலே அக்கா என்று வரும் இடத்தில் எல்லாம் தாண்டிப் போங்கள். உறை ஒட்டப் போகும்போது அழைப்பு மணி அடித்தது. அக்கா, கையில் ஒரு பை, மூக்கும் வாயும் மூடிய முகம். "உங்க மூணு பேருக்கும்தான் வந்து போயிடுச்சே, இனிமே என்னால உங்களுக்கு என்ன வந்துடப் போகுது?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். எங்கள் முடிவெல்லாம் அத்தோடு போயிற்று.

குரல் கரகரவென்று இருந்தது. கோபமா என்று கேட்டேன். "மொதப் பத்து நாள் கோபந்தான். அப்புறம் ஜுரம், தொண்டையே கட்டிப் போச்சு" என்றாள். ஆறு நாளாகப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததாகவும், நீங்கள் முக்காலியில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனதாகவும் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, நான் வராத இடத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே எத்தனை பேர் வந்து போனார்கள் என்றும் சொன்னாள். ஜுரம் விட்டும் இருமல் போகவில்லை, இன்னும் சில நாள் குழந்தையிடம் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "சுவத்துக்கு அந்தப் பக்கம் அழறான்டா. கேட்டுக்கிட்டே எழுந்து போகாம எப்படிப் படுத்திருக்கிறது? அதான் இங்க வந்துட்டேன்" என்றாள். என் மனைவி உள்ளறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள்.

அழுகைச் சத்தம் கேட்காத இடம், இங்கேயாவது தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதிக்கொண்டே இப்போது எட்டிப் பார்த்தேன். தூங்கவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னக்கா என்றேன்.

"இப்ப அவன் பால் குடிக்கிற நேரம்டா" என்றாள்.