மார்த்தாவின் தம்பி

"ஐயா, நான் பெஞ்சமின் இல்லே. என் பேரு வேதநாயகம். தைப்பிங்ல வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்க வந்தேன். பினாங்குக்கே இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றேன்."

சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஹனீபா விடுவதாக இல்லை. "பன்னிரண்டு வருஷம் ரங்கூன்ல இருந்தும் உன் கேலி போகலையே லா!"

வேதநாயகம் பள்ளிக்கூடத்துக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அதிலிருந்த பெயரைப் படித்ததும் ஹனீபாவின் முகம் வாடிவிட்டது.

"அடப்பாவமே, சொந்தப் பேரே மறந்துபோச்சா?"

அடுத்த நிமிஷம் இருவரும் ரிக்‌ஷாவில் இருந்தார்கள்.

பெஞ்சமினின் அக்கா மார்த்தா. பன்னிரண்டு வருஷமாகத் தம்பிக்கும் சேர்த்தே உலை வைக்கிறவள். வண்டி வாசலில் நின்றதும் ஓடிவந்து வேதநாயகத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா, நான் உங்க தம்பி இல்லே."

"ஞாபகம் தப்பிடுச்சு தங்கச்சி," என்றார் ஹனீபா, தணிந்த குரலில்.

மார்த்தா வேதநாயகத்தின் முகவாயைத் திருப்பிப் பார்த்தாள். "பாலிக் புலாவ் தோட்டத்துல ஜாதிக்கா மரத்துலேருந்து விழுந்த தழும்பு! இதுகூடவா பொய் சொல்லும்?"

அது தைப்பிங்கில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. ஆனால் அவள் அதைத் தடவித் தடவிச் சிரித்தாள். வேதநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு, இவளுக்கும் ஒரு சந்தோஷம், பிறகு நழுவிவிடலாம்.

"ஆமாக்கா... லேசா ஞாபகம் வருது."

அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. மாதா கோயில் பாடகர் குழுவும் வந்து சேர்ந்தது. "உன்னை மாதிரிப் பாட இன்னும் ஒரு ஆளு வரலே. பாடு, பெஞ்சமின்!"

வேதநாயகத்துக்கும் பாட்டுக்கும் வெகுதூரம். குட்டு இப்போதாவது உடையட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கூட்டம் கண்ணீர் விட்டது. "அதே குரல்! ஞாயித்துக்கிழமை பூசைக்கு நீதான் பாடுறே!"

வேதநாயகம் கை கழுவும் சாக்கில் கொல்லைக்குப் போய் வேலிப் படலைத் திறந்தார். வெளியே, வழுக்கைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக ஒருவர், தகரப்பெட்டியோடு வீட்டையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க அண்ணே. சத்தியமா நான் பெஞ்சமின் இல்லே!"

"தெரியும், நான்தான் பெஞ்சமின், காலையில வந்து கதவைத் தட்டினேன், வாயைத் திறக்கிறதுக்குள்ளே அக்கா கஞ்சி ஊத்திக் குடுத்து, 'யாரு பெத்த புள்ளையோ'ன்னு பரிதாபப்பட்டு அனுப்பி வச்சிடுச்சு."