செவ்வாய்க் குடியும் என் வாயும்

நான் வாழ்க்கையில் முழுதாகப் படித்த நாவல் ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஒரு விசேஷம். அதைப் படித்து முடிப்பதற்கு நான்கு மாதம் முந்தியே, பதினொரு பேர் முன்னால் எழுந்து நின்று அதைப் பற்றிப் பேசிவிட்டேன்.

ஆரையம்பதியில் வலையும் கயிறும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர். வண்ணக்கருக்குப் பொய் வராது என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. (அதற்குப் பெரிய தவம் ஒன்றும் வேண்டாம். கேட்டால்தானே பொய் சொல்ல வேண்டி வரும்?)

மகள் சுகந்தியின் சாதகக் குறிப்பில் ஏழாம் இடத்தில் செவ்வாய் இருந்தது. அந்த ஒன்றினால் இரண்டு சம்பந்தங்கள் விட்டுப்போயின. இரண்டாவது போன அன்று பிள்ளை சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. மூன்றாவதாக மட்டக்களப்பு டவுனில் ஓர் இடம் அமைந்தது. மாப்பிள்ளை நில அளவையாளர், தகப்பன் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். “நாங்கள் விஞ்ஞானம் படித்த வீடு, குறிப்பெல்லாம் தேவையில்லை” என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தேன். செவ்வாயைப் பற்றி மூச்சு விடவில்லை.

கலியாணத்தை முற்றாக்க ஒரு ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை இராகுகாலம். (விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இது எங்கே விளங்கப் போகிறது.) மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் நான் தனியாகப் புறப்பட்டு, மூன்றரைக்கே போய் நின்றேன். மாப்பிள்ளையின் தாய் என்னைக் கண்டதும் கொஞ்சம் தடுமாறிவிட்டு, வாசலில் ஒரு கதிரை போட்டார்.

“இருங்க அண்ணன், தேத்தண்ணி கொண்டு வாறன். உள்ள இவர்ர ஆக்கள் வந்திருக்காங்க. செவ்வாய்க் குடியைப் பத்திக் கதைச்சு முடியட்டும், மறுகா நம்மட கதையைப் பேசுவம்.”

நான் கதிரையின் நுனியில் குந்தினேன்.

எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழி வம்சம். கோயிலில் எந்த நாள் திருவிழா யாருக்கு, யார் யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் குடியை வைத்துத்தான். எல்லாக் குடியின் பெயரும் எனக்கு மனப்பாடம். அதில் செவ்வாய்க் குடி என்று ஒன்று இல்லை. ஆகவே அது எங்களுக்குப் புதிதாக வைத்த பட்டப்பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. விசயம் வெளியில் வந்துவிட்டது. சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து என் பிள்ளையை அலசுகிறார்கள்.

சன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்பது பாவம். ஆனாலும் காதைக் கழற்றிச் செருப்போடு வெளியில் வைக்க முடியாதே.

ஓர் ஆண்குரல், முதலாம் தலைமுறையைக் குறை சொல்ல முடியாது, மூன்றாம் தலைமுறையில்தான் எல்லாம் பழுதாகிப் போகிறது என்றது. நான் விரல் விட்டு எண்ணினேன். மாமியார் ஒன்று, மனைவி இரண்டு, மகள் மூன்று.

அடுத்தது வயதான ஒரு பெண்குரல். “எனக்கெண்டா அந்த வீடுதான் பிடிக்கல்ல. கண்ணாடி போட்டுப் பெருசாக் கட்டி என்ன, உள்ள காத்து இல்லயே. தண்ணிக்கும் வழியில்ல.”

மகளுக்கென்று நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போன மாதம்தான் கண்ணாடிச் சன்னல் பூட்டியிருந்தேன். கிணறு இன்னும் வெட்டவில்லை. இவர்கள் எப்போது வந்து பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு சம்பந்தியின் குரல் கேட்டது. “குறை இருக்கு, இல்லையெண்டு சொல்லல்ல. தெரிஞ்சுதான் நான் இதைத் தெரிவு செஞ்சனான். எனக்கு மனசுக்குப் பிடிச்சிருக்கு.”

என் கண் நிறைந்துவிட்டது. சொந்தமெல்லாம் எதிர்க்க, அந்த மனிதன் தனியாக என் பிள்ளைக்காக வாதாடுகிறார். நானோ அவருக்கே உண்மையை மறைத்துவிட்டு அவருடைய கதிரையில் குந்தியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஓர் இளம் குரல், கடைசி வரைக்கும் முக்கியமானதை மறைத்து வைத்து எங்களை ஏமாற்றியது சரியில்லை என்றது.

“விநாயகா” என்று எழும்பி உள்ளே போனேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடியே கைகூப்பிச் சொன்னேன்.

“ஏமாத்தோணும் எண்டு நினைக்கல்ல. ஓம், ஏழில செவ்வாய். மறைச்சது நான்தான், புள்ளையில ஒரு பிழையும் இல்ல. வீட்டுக்குக் காத்து காணாட்டி இன்னும் ரெண்டு சன்னல் வைப்பன்.”

சொல்லிவிட்டுத்தான் தலையைத் தூக்கினேன். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிற ஒருவர், தொப்பியைச் சரி செய்துகொண்டு மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். “ஏழிலயா? ஏழாம் அத்தியாயத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சன். அப்படி ஒண்டும் வரல்லயே.”

பக்கத்தில் கவுன் போட்ட பறங்கிய அம்மா ஒருவர், எண்பது வயதிருக்கும், என்னை இரக்கத்தோடு பார்த்தார். “சன்னல் வைக்க ஏலாது மகன். திறந்தா ஒரு நிமிசத்தில எல்லாரும் செத்துருவாங்க.”

மேசன் சொன்ன வாஸ்துவில் இவ்வளவு பயங்கரம் இருக்கவில்லை.

அப்போதுதான் சுற்றிவரப் பார்த்தேன். பதினொரு பேர் மடியிலும் ஒரே சிவப்பு அட்டைப் புத்தகம். அட்டையில் ஓர் உருண்டை. அதற்கு மேலே பெரிய எழுத்தில் ‘செவ்வாய்க் குடி’.

“அண்ணன்,” என்றார் சம்பந்தி மெதுவாக, “இது நாவல்.”

எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் எழுதியதாம். பூமியிலிருந்து சில குடும்பங்கள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் குடியிருக்கிற கதை. மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டுக் கூடிச் சண்டை பிடிக்கிறது இவர்களுக்கு வழக்கமாம். (காசு வாங்கிக்கொண்டுகூட அல்ல, சும்மா.)

புத்தக விசயம் விளங்கிவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். மூன்றாவது சம்பந்தத்தையும் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நின்றேன். சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணித் தட்டோடு வாசற்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

“குறிப்புக் கேக்கவே வேணாம் எண்டு நீதானே ஒற்றைக் காலில நிண்ட?”

அந்த அம்மா தட்டை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சொன்னார். “நம்மட மகனுக்கும் ஏழில செவ்வாய்தான். நாம கேட்டா அவங்களும் கேப்பாங்க. நாலு இடம் அதால விட்டுப்போச்சு. இதையும் விட எனக்கு மனம் வரல்ல.”

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் செவ்வாய் என்றால் தோஷம் தோஷத்தோடு கழியும் என்பது எந்தச் சாத்திரியாரும் சொல்கிற விசயம். சாத்திரம் தெரியாத புடவைக்கடைக்காரரே அதை முந்திச் சொன்னார். “அப்ப ரெண்டு பேரும் ஒரே குடி. முடிச்சு வைங்க சேர்.”

“ஒரே குடியில முடிக்க ஏலாது,” என்றேன் நான், பழக்கத்தில்.

அப்போது எழும்பிய சிரிப்பு பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். இராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நாள் குறித்தோம்.

வெட்கம் போகட்டும் என்று அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்து, விளக்கு வைத்த பிறகு தினமும் இரண்டு பக்கம் வீதம் படித்தேன். என் கருத்தை இப்போது தெரிந்தே சொல்கிறேன். அவ்வளவு தூரம் போனவர்கள் கிணறு தோண்டுகிறார்கள், பயிர் வைக்கிறார்கள், தங்களுக்குள் அடிபடுகிறார்கள். ஒருவர்கூட ஒரு கல்லை நட்டு விழுந்து கும்பிடவில்லை. சாகிறவர் ஒருவர் “நான் ஆரைக் கூப்பிடுவேன்” என்று கேட்கிற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். கதையே அதுதான் என்கிறார் சம்பந்தி. அது எழுதியவரின் குறை என்கிறேன் நான். பறங்கிய அம்மா என் பக்கம். புடவைக்கடைக்காரர் இன்னும் மூன்றாம் தலைமுறையிலேயே நிற்கிறார்.

பேத்திக்கு இப்போது ஐந்து வயது. போன திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், கோயில் மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்துகொண்டு அவளிடம் கேட்டார். “நீ என்ன குடி, புள்ள?”

தகப்பன் பழக்கி வைத்ததை அவள் கோயில் அதிரச் சொன்னாள். “செவ்வாய்க் குடி.”

வண்ணக்கருடைய பேத்தி. எனக்குத் தூணுக்குள் போய் ஒளிய வேண்டும் போலிருந்தது. பெரியவர் வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஓம் ஓம், கேள்விப்பட்டிருக்கன். வாவிக்கு அங்கால, படுவான்கரையில கன பேர் இருக்காங்க. நல்ல ஆக்கள்தான். என்ன, போய்வரக் கொஞ்சம் தூரம்.”